குழுவோடுதான் போகிறேன், ஆனாலும் தனியாக

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். வயது 54. கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. மகன் பணம் கட்டி, ஆறு நாள் மலேசியா டூரில் பெயர் கொடுத்துவிட்டார். குழுவில் 28 பேர், எல்லாரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ வருகிறவர்கள். நான்காம் நாள் பினாங்கில் ஃப்ரீ டே. "அன்றைக்கு அவசரமில்லாமல் என்ன பார்க்கலாம்? கூட வருகிறவர்களிடம் எப்படிப் பழகுவது? தொல்லையாக நினைத்துவிட மாட்டார்களே?" என்று எழுதியிருக்கிறார். மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது: "அன்றைக்கு மத்தியானம் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்?" பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் தருவார்கள். நான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரன். 22 வருடமாக டூர் மேனேஜர் வேலை. வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து என்று போய் வருகிறேன். பினாங்குத் தெருக்கள் எனக்குக் கல்மண்டபம் மார்க்கெட் மாதிரி பழக்கம். ஆனால் நான் ஓர் ஆண். தனியாக வரும் பெண்ணின் சங்கடத்தை நான் அனுபவித்ததில்லை. அப்படி வந்த அக்காமார்கள் என்னிடம் சொன்னதையும், பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து நான் கவனித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். ஊர் பற்றி எழுதுவதை நம்பிப் போகலாம். மனிதர்கள் பற்றி எழுதுவதை இப்படியும் நடக்கும் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரே நாளில் பதினொரு இடம் காட்டினேன். பெருமையாக இருந்தது. ஏழாவது இடத்தில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இறங்கவே இல்லை. "தம்பி, நீங்கள்லாம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கோபம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், மூன்று பேரும் டிரைவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பும்வரை அந்த மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். பதினொரு இடத்தையும் பார்த்தவர்கள் விமான நிலையத்தில் ஒருவரோடொருவர் பேசக்கூடத் தெம்பில்லாமல் நின்றார்கள். அதற்கப்புறம்தான் நான் யார் உட்காருகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

யோசித்துப் பாருங்கள், நம்ம ஏரியாவில் பெண்களுக்குள் சிநேகிதம் எங்கே பிறந்தது? தண்ணி லாரி வரிசையில். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில். யாரும் யாரையும் பழக வேண்டும் என்று தேடிப்போகவில்லை. காத்திருந்தார்கள், "என் குடத்தைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பழகிவிட்டார்கள். வெளிநாட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆகவே ஃப்ரீ டேயை இடங்களால் நிரப்பாதீர்கள். காத்திருக்கவும் உட்காரவும் நேரம் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். ஃப்ரீ டே என்றால் பல கம்பெனிகளில் அன்றைக்கு ஆப்ஷனல் டூர் விற்பார்கள். எங்களுக்கு அதில் கமிஷன் உண்டு. விருப்பமிருந்தால் வாங்குங்கள். "எல்லாரும் போறாங்க, நீங்க மட்டும் ஓட்டல்ல என்ன பண்ணுவீங்க" என்று யாராவது கேட்டால் அதற்காகப் பணம் கட்ட வேண்டாம்.

இனி ஊர். மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிழக்கே வெகு தூரத்திலிருக்கும் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982-ல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் பினாங்கில் காலை ஏழு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது. உங்கள் உடம்புக்கு அப்போது விடியற்காலை நாலரை. சாயங்காலம் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகவே காலையில் அவசரப்பட்டுக் கிளம்புவதில் லாபமே இல்லை. எட்டரைக்கு மேல் கிளம்புங்கள். வெயில் உறைக்கும் மத்தியானத்தில் ஓட்டலுக்குத் திரும்பி ஒரு தூக்கம் போடுங்கள். நாலரைக்கு மறுபடி வெளியே வந்தால் இன்னும் மூன்று மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும்.

போக வேண்டியது ஜார்ஜ் டவுன். பெயரைக் கேட்டதும் மண்ணடி, பாரிமுனை ஞாபகம் வருகிறதா? நம் ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை 1911-ல் வாங்கியது. அதற்கு முன் அது பிளாக் டவுன். பினாங்கின் ஜார்ஜ் டவுன் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் வந்தது. ஃபிரான்சிஸ் லைட் 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தத் தீவில் இறங்கியபோது வைத்த பெயர். அங்கேயும் கடலோரம் ஒரு கோட்டை, அதை ஒட்டி வியாபாரத் தெருக்கள். அங்கேயும் ஓர் ஆர்மேனியன் தெரு. நம் ஊர் ஆர்மேனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள், அது தனிக் கதை. ஒரு முறை மண்ணடியிலிருந்து வந்த பாய் ஒருவர் பினாங்குச் சூலியா தெருவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னப்பா, விமானத்துல ஏத்தி மறுபடியும் நம்ம கடைக்கே கூட்டிட்டு வந்துட்டே" என்றார்.

அந்தப் பழைய பகுதியை மலாக்காவோடு சேர்த்து 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. நடந்தே பார்க்கக்கூடிய அளவுதான். குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் ஆரம்பியுங்கள். அதற்குப் பக்கத்துத் தெருவிலேயே சீனர்களின் கருணை தேவி கோயில், ஊதுபத்திப் புகையோடு. அதே தெருவில் இந்தப் பக்கம் 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அந்தப் பக்கம் 1818-ன் செயின்ட் ஜார்ஜ் சர்ச். நாலு சாமியும் ஒரே மூச்சில் நடக்கிற தூரத்தில். பள்ளிவாசலுக்குள் போக அங்கியும் தலைத்துணியும் அவர்களே தருவார்கள், தொழுகை நேரம் மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், கூட்டமாக இருக்கும்.

கடைகளுக்கு முன்னால் மழை, வெயில் படாத ஒரு நடைவழி போகும். மலாய் மொழியில் காக்கி லிமா, அதாவது ஐந்தடி. கட்டடம் கட்டுகிறவர் ஐந்தடி அகலம் பொதுவுக்கு விட வேண்டும் என்ற பழைய விதியில் வந்த பெயர். நம் திண்ணைகளை வரிசையாக ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். அழகுதான், ஆனால் ஒரு கடை வாசல் ஏறும், அடுத்தது இறங்கும், நடுவில் ஸ்கூட்டர் நிற்கும். கீழே பார்த்து நடங்கள். அந்த ஊரில் நம் ஆட்கள் முழங்காலில் அடிபட்டதெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஆர்மேனியன் தெருவில் சைக்கிளில் போகும் அக்கா, தம்பி ஓவியம் ஒன்று சுவரில் இருக்கிறது. லிதுவேனியாவிலிருந்து வந்த ஓவியர் 2012-ல் வரைந்தது. பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம். அங்கே போட்டோவுக்கு எப்போதும் வரிசை நிற்கும். வரிசையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், நில்லுங்கள். அது உங்கள் தண்ணி லாரி வரிசை. முன்னால் நிற்பவரின் போனை வாங்கி அவரைப் படம் எடுத்துக் கொடுங்கள், அவர் உங்களை எடுத்துத் தருவார். மொழி தேவையில்லை. இந்தோனேசியப் பெண்கள் சிலர் ஒரு முறை எங்கள் கொடுங்கையூர் பாட்டியை நடுவில் நிறுத்திப் பத்துப் படம் எடுத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

சாயங்காலத்துக்கு ச்சூ ஜெட்டி. கடலுக்குள் கழி நட்டு, அதன் மேல் பலகை போட்டு, ஒரே குலப்பெயர்கொண்ட சீனக் குடும்பங்கள் வாழும் வீடுகள். காசிமேட்டுக் கடல் வாசனையில் வளர்ந்த நமக்கு அங்கே உட்கார்ந்தால் மனசு இறங்கும். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை, ஜன்னல் வழியாகப் போட்டோ எடுக்காதீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பட்டர்வொர்த் போகும் ஃபெரி. இருபது நிமிடத்துக்குள் அக்கரை, அப்படியே இக்கரை. ஏதாவது ஓர் இடத்துக்கு மட்டும்தான் காலில் பலம் இருக்கிறது என்றால் நான் இந்த ஃபெரியைத்தான் சொல்வேன். உட்கார்ந்தே ஊரைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் வேறு வேலை இல்லாத இருபது நிமிடம் கிடைக்கும். ரஜூலா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் கரை இறங்கும்போது உறவுக்காரர்களாகிவிடுவார்கள் என்று ஹார்பரில் மூட்டை தூக்கிய என் தாத்தா சொல்வார். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. நமக்கு அத்தனை நாள் கிடைக்காது. இருபது நிமிடத்தில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பினாங்கு மலைக்கு ரயிலில் ஏறலாம், தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி ஏறலாம். இரண்டுமே நன்றாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அவை வேண்டாம். மலை ரயிலுக்கு விடுமுறை நாட்களில் வரிசை பாதி நாளைத் தின்றுவிடும். படி விஷயத்தை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடமில்லை.

சாப்பாடு விஷயத்தில் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் நாசி கண்டார் கடைக்குப் போங்கள். கழியின் இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் விற்றது, அந்தச் சுமக்கும் கழியால் வந்த பெயர். சைவம் என்றால் சீனக் கடை, மலாய்க் கடைக் காய்கறியைக் கேட்டுச் சாப்பிடுங்கள். பெலாச்சான் என்கிற இறால் விழுது பலவற்றில் இருக்கும். தே என்றால் கண்டென்ஸ்டு மில்க் டீ, திகட்டும். தே ஓ என்றால் பால் இல்லாதது, தே ஓ கோசோங் என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாதது. சுகர் இருந்தால் "குராங் மானிஸ்" என்ற இரண்டு வார்த்தையைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இனிப்புக் குறைவாக என்று அர்த்தம். கடைக்காரர் தமிழராக இருந்தால் "அஞ்சு வெள்ளி" என்பார். ரிங்கிட்டுக்கு அங்கே வெள்ளி என்றுதான் பேச்சு. "பசியாறிட்டீங்களா?" என்றால் காலை டிபன் ஆயிற்றா என்று கேட்கிறார். அவர்களிடம் "நீங்க எப்ப இந்தியாலேர்ந்து வந்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். நாலைந்து தலைமுறையாக அதுதான் அவர்கள் ஊர். நம் ஆட்கள் எல்லாரும் இதைக் கேட்டு, அவர்கள் முகம் ஒரு நொடி வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கூட வருகிறவர்கள். எல்லாரும் குடும்பமாக வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பங்களுக்கு உள்ளே கொஞ்சம் பாருங்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் அம்மாவோ மாமியாரோ இருப்பார். பிள்ளைகள் ஓடுகிற வேகத்துக்கு அவரால் ஓட முடியாது. எங்கே பெஞ்சு இருக்கிறது என்று அவர் கண் தேடும். குடும்பத்தோடு வந்தும் உங்களைவிடத் தனியாக இருக்கிறவர் அவர்தான். இரண்டாம் நாளே அவரை அடையாளம் கண்டுவிடலாம். மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவருடைய மருமகளிடம், "நாளைக்கு நான் மெதுவாத்தான் சுத்தப் போறேன், அம்மா வரட்டுமே" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசி மருமகள்கள் கோயிலில் வேண்டிக்கொண்டது பலித்த மாதிரி சந்தோஷப்படுவார்கள். அவருடைய மாத்திரைப் பொறுப்பை மட்டும் நீங்கள் ஏற்காதீர்கள். மகனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று. முதல் நாள் விமான நிலையத்திலேயே யாராவது கேட்பார்கள்: "சார் வரலையா?" வேண்டுமென்று கேட்பதில்லை, நம் ஊர்ப் பேச்சே அப்படி. ஒரு அக்கா இந்தக் கேள்விக்கு மூன்று நாள் "வேலை இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு, நாலாம் நாள் அந்தப் பொய்யைக் காப்பாற்ற முடியாமல் ரூமிலேயே இருந்துவிட்டார். இன்னொரு அக்கா, "அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க இதுக்கு முன்ன எங்க போயிருக்கீங்க?" என்று ஒரே மூச்சில் சொன்னார். கேட்டவருக்கும் தப்பிக்க வழி கிடைத்தது, இவருக்கும் பாரம் இறங்கியது. வீட்டிலேயே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். அதன் வால் ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

தொல்லையாக நினைப்பார்களோ என்ற பயத்துக்கு என் கைமருந்து ஒன்றுதான்: உதவி செய்யப் போகாதீர்கள், சின்ன உதவி கேளுங்கள். "இந்த ஃபார்ம்ல இது என்னன்னு பாருங்களேன்", "என் பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா, வந்துடறேன்". உதவி செய்தவருக்கு உங்கள் மேல் ஒரு பாசம் வந்துவிடும். நீங்களாக ஓடி ஓடி உதவினால் சிலருக்குக் கூச்சமாகிவிடும். புது ஜோடிகளோடு காலை டிபன் போதும், அப்புறம் விட்டுவிடுங்கள். காசு விஷயத்தை முதல் டீயிலேயே பேசிவிடுங்கள். ஆளுக்கு இருபது வெள்ளி போட்டு ஒரு பொதுப் பர்ஸ், டீ, தண்ணீர், ஃபெரி எல்லாம் அதிலிருந்து. "நான் குடுக்கறேன், இல்ல நான் குடுக்கறேன்" என்று கல்லா முன்னால் நடக்கும் மல்யுத்தம் மிச்சம்.

எவ்வளவு நெருங்கினாலும் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. யாருடைய பையையும் உங்கள் பெயரில் விமானத்தில் ஏற்றாதீர்கள், விமான நிலையத்தில் யாருடைய பொட்டலத்தையும் கையில் வாங்காதீர்கள். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதெல்லாம் ஓட்டலோடும் டீக்கடையோடும் நிற்கட்டும். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் தூக்குத் தண்டனைவரை போகும், தெரியாமல் வாங்கினேன் என்பது சுலபத்தில் எடுபடாது. ஓட்டல் கார்டு ஒன்றைப் பர்ஸில் வையுங்கள். வழி தவறினால் டாக்ஸிக்காரரிடம் நீட்டினால் போதும். அவசரத்துக்கு 999.

இந்தச் சிநேகிதம் நிலைக்குமா என்று கேட்டால், அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் ரயில் சிநேகிதம்தான். டூர் முடிந்து பத்து நாளைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ பறக்கும், அப்புறம் குட் மார்னிங் ரோஜாப்பூ, அப்புறம் அதுவும் இல்லை. ஆனால் எம்.சி. ரோட்டில் தீபாவளித் துணி எடுக்க இன்றும் ஒன்றாகப் போகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும், பினாங்கு ஃபெரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். எது எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல 22 வருடத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. மலேசியாவுக்குள் நுழைய டிஜிட்டல் அரைவல் கார்டு என்று ஒன்றை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கம்பெனி செய்து தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே போனில், உங்களுக்குத் தனி ரூமா, ட்வின் ஷேரிங்கா என்றும் கேளுங்கள். ஷேரிங் என்றால் உங்களோடு தங்கப்போகிற அம்மா யார், எந்த ஏரியா என்று கேட்டு, அவர் சம்மதித்தால் நம்பரை வாங்குங்கள். ஏசி எத்தனையில் வைப்பார், விளக்கு அணைத்தால் தூக்கம் வருமா, குறட்டை உண்டா என்பதையெல்லாம் இங்கேயே பேசித் தீர்த்துவிடலாம். நம்ம பக்கத்து ஆளாக இருந்தால் இன்னும் சுலபம், பஸ்ஸே வேண்டாம், ஷேர் ஆட்டோவிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.